மூன்றே முக்கால் வாட்ச்மேன்

"இறங்குங்க! எல்லாரும் லைனை விட்டு இறங்குங்க!"

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. ஹால் மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் கத்தினார். அந்த நேரத்தில் வீட்டில் அவரைத் தவிர இருந்தது அவருடைய மனைவி மட்டும்தான். அடைத்துக்கொண்ட கழுவுதொட்டியை எப்படித் திறப்பது என்று சமையலறையில் நின்று கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும்னா யாரு? நானும் கரப்பான்பூச்சியுமா?"

"வீடியோவ நிறுத்து. பொண்ணு பேசற நேரம்."

"உங்க வாட்ச்மேன் பாத்துக்க மாட்டானா? அதுக்குத்தானே அவனை வச்சிருக்கீங்க?"

"அவன் வேலைய அவன் பாப்பான். நீ உன் வேலைய நிறுத்து."

அவள் நிறுத்தினாள். கழுவுதொட்டி அடைத்தது அடைத்தபடியே கிடந்தது. அவர் தன் டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, தலையை வாரிக்கொண்டு, கடல் கடந்த ஊரில் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகளோடு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை இவளும் முகத்தைக் காட்டினாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை பல் டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் கூப்பிடுவதற்கு முன்பே, காத்திருக்கும் நாற்காலியில் பழைய வாரப் பத்திரிகையை மடியில் வைத்தபடி போய்விட்டார். பல்லுக்காகப் போன மனுஷன் நெஞ்சால் போனார். எதையும் நேர்வழியில் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

வாட்ச்மேன் என்பது ஆள் இல்லை, ஒரு மென்பொருள். வீட்டுக்குள் வருகிற இணையத்தை யாருக்கு எவ்வளவு என்று அளந்து விடுவது அதன் வேலை. வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு அளந்து விட என்ன இருக்கிறது என்று கேட்டால் அவரிடம் பதில் உண்டு. மகள் படிக்கிற காலத்தில் போட்டதாம், அப்போது வீட்டில் ஆறு கருவிகளாம், இருக்கிற லைன் நூல் மாதிரி இருந்ததாம். மகள் படித்து முடித்துப் பறந்து போன பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் போகும். வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டால்தான் வைஃபைக்கு வரும். அதனால் கம்ப்யூட்டர் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். அதன் விசிறி போடும் சத்தத்தில் ஹாலில் யாரும் சாதாரணக் குரலில் பேசியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் அது உண்மையும்கூட.

மகள் வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் கிளம்பிய அன்றே, வீட்டில் கண்ணில் பட்ட அவருடைய சாமான்களை ஒவ்வொன்றாக ஒழிக்கத் தொடங்கினாள் தாய். சட்டைகள் ஒரு மூட்டை, செருப்புகள் ஒரு மூட்டை. டேப்பைக் கொழுந்தனார் கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சார்ஜரும் உண்டா என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க தம்பி. எனக்கு என் போன் போதும்."

போதவில்லை.

முதல் ஞாயிறு நாலு மணிக்கு அழைப்பு வந்தது. மகளின் முகம் தெரிந்தது, சிரித்தது, அப்படியே சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி உடைந்தது. இரண்டாம் ஞாயிறும் அதே கதை. அழைப்புக்கு வேறு நேரமும் இல்லை. மகளுக்கு மாறி மாறி ஷிப்ட். இருவரும் விழித்திருந்து, அவளுக்கு வேலையும் இல்லாத பொழுது வாரத்தில் இது ஒன்றுதான். கைபேசிக் கம்பெனியின் சிக்னலோ அந்த வீட்டில் குளியலறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் கிடைக்கும். கையை நீட்டிக்கொண்டு முகத்தையும் காட்ட எவராலும் முடியாது.

மூன்றாம் ஞாயிறு மகள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, நேரம் வீணாக்காம சொல்லு. அன்னிக்குக் காலைல கிளம்பறப்ப அப்பா என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு… வழக்கம்போல…"

அங்கே உறைந்தது. நாலு நிமிடம் கழித்து மகளின் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, நீயே கட் பண்றியா?"

"நான் ஏன்டி கட் பண்றேன்?"

"ஒவ்வொரு வாரமும் இதக் கேக்கறேன். ஒவ்வொரு வாரமும் சரியா அந்த எடத்துல போயிடுது. நீ அப்படித்தானே? நான் சின்னவளா இருந்தப்பவும் பிடிக்காதது எதாவது கேட்டா எந்திரிச்சு உள்ள போயிடுவ."

"இது லைன் கோளாறு."

"அப்பா இருந்தப்ப வராத கோளாறா? ஒரு தடவை கூட கட் ஆனதில்லையேம்மா. சரி விடு. அடுத்த வாரமும் இப்படின்னா மாசத்துக்கு ஒரு தடவை பேசிக்கலாம். ஒன்னையும் கஷ்டப்படுத்தல, என்னையும்…"

மீதி வரவில்லை. மகள் முகம் கண்ணை மூடிய நிலையில், வாய் பாதி திறந்து, திரையில் பதினொரு நிமிடம் நின்றது. இவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் களத்தில் இறங்கினாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். எழுத்தையும் புள்ளியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பழகியவள். ஒரு கம்பிக்குள் இருக்கும் பிழை எங்கே போய்விடும்?

முதலில் இணையக் கம்பெனியிடம் ஆள் கேட்டாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு லைன்காரர் வந்தார். கழுத்தில் அட்டை, இடுப்பில் பை, நாற்பதைத் தாண்டிய வயது, எதற்கும் அசராத முகம். மடிக்கணினியைத் திறந்து ஒரு சோதனை போட்டார். திரையில் ஒரு முள் சரேலென்று வலது ஓரத்துக்கு ஓடியது.

"பாருங்க மேடம், குதிர மாதிரி ஓடுது."

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அந்தக் குதிரை எங்க போய்ப் படுத்துக்குது?"

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவுங்க."

"கோளாறுக்கு லீவு இல்லையே."

"மேடம், நான் பாக்கறப்ப நல்லா இருக்கு. நல்லா இருக்கறத நான் எப்படி ரிப்பேர் பண்றது?"

நியாயமான கேள்வி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. போகும்போது அவர், கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வரும், ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டாள். வந்ததற்கு என்றார்.

அடுத்து அந்த மென்பொருளைச் செய்தவர்களின் உதவிப் பக்கம். தட்டச்சு செய்தால் பதில் தட்டச்சு செய்யும் ஒரு ஜன்னல் திறந்தது. 'உங்கள் சிரமத்தை நான் முழுமையாக உணர்கிறேன். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா?' பார்த்தேன் என்று எழுதினாள். 'அருமை. இப்போது கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்.' வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் இப்படிப் பேசியவர்கள் உண்டு. அவர்களுக்காவது தண்ணீர் கொடுத்து அனுப்ப முடிந்தது. ஜன்னலை மூடினாள்.

வியாழக்கிழமை கொழுந்தனார் வந்தார். தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் கோளாறு என்று ஒன்றுதான் உண்டு.

"ஈரம் எறங்கியிருக்கு அண்ணி."

"மழை பெஞ்சு மூணு மாசமாச்சு தம்பி."

"அதான். உள்ளயே தங்கியிருக்கு."

வைஃபை பெட்டியை அலமாரியின் மேல் ஏற்றினார். அதற்குப் பின்னால் சமையலறையின் வெள்ளித்தாளைக் கிழித்து ஒட்டினார். அலை சிதறாமல் திரும்புமாம். பெட்டி இப்போது மேடைக்கு வரக் காத்திருக்கும் நாடக ராஜா மாதிரி இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாட்ச்மேனைத் திறந்தார்.

கடவுச்சொல் இல்லாமல் திறந்தால் ஒரே ஒரு பக்கம்தான் காட்டும். இந்த நிமிடத்தில் யார் லைனில் இருக்கிறார்கள், எந்த விதி நடப்பில் இருக்கிறது என்ற பக்கம். பார்க்கலாம், தொட முடியாது. அதில் இரண்டு வரிகள் இருந்தன. ஒவ்வொரு கருவிக்கும் அண்ணன் வைத்திருந்த பெயர் கட்டம் கட்டித் தெரிந்தது.

"ஹைகோர்ட்டா? அது யாரு அண்ணி?"

"என் போன்."

"அப்ப இந்த 'ஓசி'?"

கொழுந்தனார் தன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து வைஃபையை அணைத்தார். 'ஓசி' என்ற வரி மறைந்தது. மறுபடி போட்டார். 'ஓசி' திரும்பி வந்தது.

"அண்ணனுக்கு எப்பவும் தமாஷுதான்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

நடப்பில் உள்ள விதிகள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒரு விதியும் இல்லை. எல்லாரும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் வாட்ச்மேன் மேல் குற்றமில்லை. உள்ளே போய்ப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும். மகள் பிறந்தநாளைப் போட்டார், இல்லை. ஸ்கூட்டர் நம்பரைப் போட்டார், இல்லை. கல்யாண நாளைப் போட்டுப் பார்க்கலாமா என்றார். அதை நினைவில் வைத்திருக்கிற ஆளா உங்கள் அண்ணன் என்று இவள் கேட்டதையும் மீறிப் போட்டார். மூன்று தவறு, ஒரு மணி நேரம் பூட்டு என்று வாட்ச்மேன் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஒரே வழிதான் அண்ணி. கம்ப்யூட்டர மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். ஆனா ஒங்களுக்கு அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும், அவர் போட்ட சட்டதிட்டம் இருக்கும். அழிங்க."

"ஞாயித்துக்கிழமை மூணரைக்கு வரேன். நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

அரை மணியில் ஒரு குடையையே அவரால் ரிப்பேர் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றாள்.

சரி என்று சொன்னாளே தவிர, மனசு ஒப்பவில்லை. கம்ப்யூட்டர் மேல் பாசம் கீசம் எதுவும் கிடையாது. தவறு எது என்று தெரியாமல் பக்கத்தையே கிழித்துப் போடுவது அவள் தொழிலுக்கே அவமானம். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மூன்று வாரக் குறிப்பையும் எடுத்துப் பார்த்தாள். அழைப்பு உடைந்த நேரங்களை ஒவ்வொரு முறையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். 4.02, 4.06, 4.11, 4.30. கடைசியாக, மூன்றாம் ஞாயிறு, 5.10. அதற்குப் பிறகு 5.25க்கு அவள் கழுவுதொட்டி வீடியோவைப் போட்டிருக்கிறாள். அது தங்குதடையில்லாமல் ஓடியிருக்கிறது. மற்ற ஆறு நாளும் ஓடுகிறது. லைன்காரர் பார்க்கும்போது ஓடுகிறது, கொழுந்தனார் பார்க்கும்போது ஓடுகிறது.

ஞாயிறு நாலு மணிக்கு மட்டும் படுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் யாரும் இருப்பதில்லை. விசிறிச் சத்தத்துக்குப் பயந்து அவள் சமையலறையில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பாள். கோளாறு வேலை செய்கிற நேரம் பார்த்து எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்துக்கென்று அவர் விதி ஏதாவது போட்டிருப்பாரோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளினாள். விதி போட்ட மனுஷன் எதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும்? பத்து வருடமாக ஞாயிறு தவறாமல் "இறங்குங்க" என்று கத்தியதே, அதுதானே அவருடைய விதி? இப்படி நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவியவள், கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் அவர். அலாரம் வைத்துவிட்டு, அது அடிப்பதற்கு முன்னால் எழுந்து, அடிக்கிறதா என்று காத்திருப்பவர். எதைத்தான் அவர் நம்பியிருக்கிறார்?

ஞாயிறு மூன்றரைக்குக் கொழுந்தனார் பையோடு வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"தொடங்கலாமா அண்ணி?"

"உக்காருங்க. நாலு மணி வரைக்கும் எதையும் தொடாதீங்க."

"நாலு மணிக்குத்தானே பொண்ணு கூப்பிடும்?"

"நானே கூப்பிடறேன்னு செய்தி அனுப்பிட்டேன். காத்திருப்பா."

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விசிறி இரைந்தது. திரையில் ஹைகோர்ட், ஓசி. விதிகள் இடம் வெறுமை. மூன்று நாற்பது. மூன்று நாற்பத்துநாலு. கொழுந்தனார் கொட்டாவி விட்டார்.

மூன்று நாற்பத்தைந்துக்கு அந்த வெறுமையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

'பொண்ணு பேசற நேரம். ஞாயிறு 3.45 முதல் 5.15 வரை. முழு லைன்: என் டேப். மற்றவர்கள்: 64.'

அறுபத்துநாலு கிலோபிட் என்றால் கடிதம் அனுப்பலாம். முகம் அனுப்ப முடியாது. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம். 'கருவி இணையாதபோது மற்றவர்களுக்கு விட்டுக்கொடு' என்று இருந்தது. கட்டத்துக்குள் டிக் இல்லை. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அதை எடுத்திருக்கிறார். குறிப்பு என்ற இடத்தில் அவரே தட்டியிருந்தார்: 'ஹைகோர்ட் கேட்டாலும் விடாதே.'

கடைசியில், என் டேப் என்பதற்கு நேராக, நிலை: 'காத்திருக்கிறது.'

"கடங்காரா," என்றாள். யாரைச் சொன்னாள் என்று கொழுந்தனாருக்குப் புரியவில்லை. தன்னைத்தான் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"தம்பி, அந்த டேப் எங்க?"

"எந்த… ஓ, அதா? பையிலதான் இருக்கு அண்ணி. கம்ப்யூட்டர எப்படி அழிக்கறதுன்னு வீடியோ இறக்கி வச்சிருக்கேன். பாத்துப் பாத்து செய்யலாம்னு."

"வைஃபை?"

"அணைச்சுதான் வச்சிருக்கேன். சார்ஜு போயிடும்ல."

"அத எடுங்க. வைஃபைய போடுங்க. அந்த வெள்ளித்தாளையும் பிச்சுத் தூரப் போடுங்க."

டேப் இணைந்தது. திரையில் 'காத்திருக்கிறது' என்பது அழிந்து 'வந்துவிட்டது' என்று மாறியது. அவள் டேப்பைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை கடைசி மணியில் முகம் வந்தது. ரத்தமே இல்லாத முகம்.

"ஏம்மா இப்படிப் பண்ற?"

"என்னடி பண்ணேன்?"

"அப்பான்னு வருதும்மா! திரை பூரா அப்பா படம். கூப்பிடறாருன்னு வருது. எனக்குக் கை கால் எல்லாம் ஓடல."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அது அவருடைய டேப், அவருடைய கணக்கு, அவருடைய படம். ஒரு வாரம் புள்ளி புள்ளியாகத் தேடியவள், கண்ணுக்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டாள்.

"யோசிக்கலடி. தப்புதான்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். அது மிகத் தெளிவாகக் கேட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்கூடத் தெரிந்தது. நேரம் நாலு பத்து. எதுவும் உடையவில்லை. இவள் டேப்பின் கதையைச் சொன்னாள். பச்சை வரி, டிக் இல்லாத கட்டம், ஹைகோர்ட் கேட்டாலும் விடாதே. மகள் பாதி அழுது பாதி சிரித்தாள்.

"அப்ப நீ கட் பண்ணலை."

"ஒங்கப்பா பண்ணாரு."

"சரி, இப்ப சொல்லு. அன்னிக்குக் காலைல அப்பா என்ன சொன்னாரு?"

இவளுக்கு எழுந்து உள்ளே போகவேண்டும் போல இருந்தது. லைன் ஒரு நொடி நிற்காதா என்றும் இருந்தது. வாட்ச்மேன் விடவில்லை.

"தொணைக்கு வரியான்னு கேட்டாரு. பல்லு வலிக்குத் தொணை எதுக்குன்னு கேட்டேன்."

மகளின் முகம் அப்படியே நின்றது. உறைந்துவிட்டதோ என்று இவள் பார்த்தாள். இல்லை, இமை அசைந்தது.

"அப்பறம்?"

"வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டர நிறுத்திடாதேன்னாரு. முதல்ல நீங்க பல்லப் புடுங்கிட்டு வாங்கன்னேன். அவ்வளவுதான். வேற ஒன்னும் பெரிசா பேசிக்கல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீ நிறுத்தினியா?"

"எங்கடி நிறுத்த விட்டாரு. நிறுத்தினா வீட்டுல நெட்டே கெடையாதே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கையை எடுக்காமலே அழுதாள். இவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை. ஐந்தேகாலுக்கு ஒரு நிமிடம் முன்னால் மகள், "அடுத்த ஞாயிறு?" என்றாள். "வேற என்ன வேலை எனக்கு," என்றாள் இவள்.

ஹாலில் கொழுந்தனார் பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அழிச்சிடலாமா அண்ணி? இனிமே எப்படியும் வேணாமே. புதுசா போட்டுட்டா உங்க போன்லயே பேசலாம்."

"டேப்ப வச்சிட்டுப் போங்க. சார்ஜரையும்."

அவர் வைத்துவிட்டுப் போனார். போகும் வழியில் தன் கைபேசி பெயரை மட்டுமாவது மாற்ற முடியுமா என்று கேட்டார். கடவுச்சொல் இல்லையே தம்பி என்றாள்.

அது இன்றுவரை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஹால் மூலையில் இரைந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு மூன்றே முக்கால் முதல் ஐந்தேகால் வரை ஹைகோர்ட்டுக்கு அறுபத்துநாலுதான்.